பிரவுன் அட்டைக்குள் பறக்கும் நர்ஸ்

திருநகர், மதுரை.

அன்பு மகள் ரோகிணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், மெல்போர்ன் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாய் இருக்க மீனாட்சி துணை. போனில் பேசினால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம், பக்கத்து வீட்டு அசோக்குமார் இதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவான். படம் போடும் வேலையை விடுகிறேன் என்று உன் ஆபீசில் இன்னும் சொல்லவில்லை என்றால், இதைப் படித்து முடிக்கும்வரை சொல்லாதே.

எட்டு வருஷமாக நீ வரைகிற பறக்கும் நர்ஸ் படக்கதைப் புத்தகங்களைப் பெட்டியில் போட்டு அனுப்பினாய் அல்லவா, அம்மா ரிட்டயர் ஆனாலும் டீச்சர்தானே, பள்ளிக்கூடம் திறந்த மாதிரி எல்லாவற்றுக்கும் பிரவுன் அட்டை போட்டு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டாள். நான் மேலே இருந்ததிலிருந்து ஆரம்பித்தேன். போகப்போக படம் மோசமாகிக்கொண்டே வந்தது, ஒரு புத்தகத்தில் செத்துப்போன டாக்டர் அடுத்ததில் டீ குடிக்கிறார், கேட்டால் அசோக்குமார், சூப்பர் ஹீரோ கதையில செத்தவன் எந்திரிச்சு வாரது சகஜம்ண்ணே என்றான், நானும் நம்பிவிட்டேன். அடிப் புத்தகத்துக்கு வந்தபோது ஒருவருக்கும் கையே இல்லை, எல்லோரும் பின்னால் கட்டிக்கொண்டோ சட்டைப்பையில் விட்டுக்கொண்டோ நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து நீ போன் செய்து, எனக்குப் படமே வரலப்பா, விட்டுறவா என்று அழுதாய், நானும் சரிம்மா, விட்டுரு என்று சொல்லித் தொலைத்தேன்.

நேற்று வடை எண்ணெய் பட்ட ஒரு அட்டையை அம்மா மாற்றினாள். உள்ளே பார்த்தால், நான் கடைசியாகப் படித்த புத்தகத்தின்மேல் நம்பர் ஒன்று! முழுக்கத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். ஆபீஸ்ல எந்நேரமும் மேல கிடக்குற ஃபைலத்தான எடுப்பீக, பழக்கம் எங்க போகும் என்று அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. பிறகு அடியிலிருந்து மறுபடி படித்தேன். முதலில் ஒரு கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது, பிறகு நாலு விரல், பிறகு நகம், சுருக்கம். எந்தப் புத்தகத்தில் உனக்குத் தைரியம் வந்து அவர்களை எல்லாம் பையிலிருந்து கையை எடுக்கச் சொன்னாய்? எனக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். அந்த நர்ஸ் தன் அங்கியை எங்கே காயப்போடுகிறாள் என்பதையும் எழுது, எட்டு வருஷத்தில் ஒரு கொடியைக்கூட நீ காட்டவில்லை.

நீ கடைசியாக வரைந்த புத்தகத்தில் படுக்கையில் கிடக்கும் பாட்டி ஒருத்தி நர்ஸின் கையைப் பிடிக்கிறாளே, அந்த வளைந்த சுண்டுவிரல் உன் அம்மாவுடையது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

ஆகவே போனில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். உனக்கே பிடிக்காமல் போனால் விடு, படம் வரவில்லை என்று மட்டும் விடாதே. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி கண் விழிக்காதே. எல்லா நலமும் பெற்று நீ நன்றாய் இருக்கவேண்டும். அம்மா எல்லா அட்டையிலும் நம்பர் எழுதி லேபிள் ஒட்டிவிட்டாள். மிச்சமிருந்த பிரவுன் தாளையும் வீணாக்காமல், இனி வரப்போகும் புத்தகங்களுக்கு அளவாக வெட்டி மடித்து வைத்திருக்கிறாள்.

ஆசிகளுடன்,
அப்பா ஜெயபாண்டி