சித்தி மகனின் கல்யாணச் சட்டை

அன்பு மகளுக்கு,

முப்பது வருஷத் தையல்காரன் என்று பீற்றிக்கொள்ளும் உன் அப்பா நான், ஒரு சட்டைக்கு ஒரு கையை நீளமாகவும் மறுகையைக் குட்டையாகவும் தைத்துவிட்டேன். மானம் கப்பலேறிவிட்டது. வேறு யாருடையது என்றாலும் பரவாயில்லை. அது உன் சித்தி மகனின் கல்யாணச் சட்டை.

அளவெடுக்கும்போது, "அவ நல்லா இருக்காளா பெரியப்பா?" என்று கேட்டான். "கையைத் தூக்குப்பா" என்றேன். டேப்பில் எண்ணே தெரியவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

நீயும் அவனும் கட்டிக்கொள்கிறோம் என்று வந்து நின்ற அன்று உன் சித்தி, "அண்ணன் தங்கச்சி முறை மாமா, ஊரே காறித் துப்பும்" என்று அழுதாள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள், நீயும்தான். சித்தி உன் அம்மாவின் தங்கை; அவனோ சித்தப்பாவின் முதல் தாரத்துப் பிள்ளை. உங்கள் இருவருக்கும் ஒரு சொட்டு ரத்தம்கூட ஒட்டாது. ஆனால் இரண்டு வயதிலிருந்து அவனை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தவள் உன் சித்தி. நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நீ வீட்டைவிட்டுப் போயிருக்க மாட்டாய். அவள் முகத்தைப் பார்த்து எனக்கு அது வரவில்லை:

"அவன் நீ பெத்த பிள்ளை இல்லையேம்மா."

உன் அப்பா