பூப்பெட்டியில் போகும் சதைத்துண்டு

அக்கா,

இன்று காலை ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்ததும் வெட்டியெடுத்த சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலின் வாடை மூக்கில் ஏறியது. எத்தனை வருஷமானாலும் அந்த வாடைக்கு எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வருகிறது. மல்லிகைக்கு நடுவில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவரை இப்படியொரு நாற்றத்தோடு சேர்த்து நினைப்பது அநியாயம். அதற்குக் காரணமும் நான்தான்.

முதன்முதலில் நீங்கள் வந்தபோது தலையில் பூ இல்லை. திண்டுக்கல் மார்க்கெட்டிலிருந்து ஊர் ஊராகப் பஸ்ஸில் பூ அனுப்புகிறவர் வெறுந்தலையோடு வந்திருக்கிறாரே என்று கேட்டேன். "வைக்க ஆசதான் டாக்டரம்மா. கை தலைக்கு மேல ஏற மாட்டேங்குது," என்றீர்கள். குந்தினால் எழ முடியவில்லை, பஸ் படி ஏற முடியவில்லை. போன இடத்திலெல்லாம் சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இது தசை அழற்சி, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தசையைத் தாக்குகிறது, இதில் பல வகை உண்டு, வகை தெரிந்தால்தான் சரியான மருந்து என்று விளக்கினேன். ரத்தச் சோதனையில் பிடிபடவில்லை. சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். "எடுங்க. பேரக் கண்டுபிடிங்க," என்றீர்கள்.

தொடையில் கொட்டைப்பாக்கு அளவு எடுத்தோம். அதை உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தியேட்டர் சிஸ்டரிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். எந்தச் சதையை வெட்டினாலும் ஃபார்மலினில் போட்டே பழகிய கை, இதையும் போட்டது. போட்டால் முடிந்தது; எங்களுக்கு வேண்டிய சோதனைகளை அதில் செய்ய முடியாது. நான் அவரிடம் கத்தினேன். கத்தியிருக்க வேண்டியது என்னிடம்.

உங்களிடம் வந்து நடந்ததைச் சொன்னேன். "மல்லிய சென்னைக்கு வாடாம அனுப்புறேன் நான். என் சத இம்புட்டுக்கு ஒரு ஐஸ் வைக்கத் தெரியலையா உங்களுக்கு?" கோபம்தான். ஆனாலும் அடுத்த தடவை ஒரு தெர்மகோல் பெட்டியோடு வந்தீர்கள். அடியில் ஐஸ், மேலே மடித்த செய்தித்தாள், அதற்கும் மேலேதான் பூ. "ஐஸ் பட்டா பூ கருகிரும்," என்றீர்கள். சதையும் அப்படித்தான். படித்திருந்தேனே தவிர, எனக்குப் பெட்டி கட்டத் தெரியாது. பஸ்ஸில் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று மூடியில் 'பூவைப் போலத் தூக்கவும்' என்று எழுதவும் சொன்னீர்கள்.

அந்தப் பெட்டி உங்களுக்கு உதவவில்லை. சோறு விழுங்கவே சிரமப்பட்டீர்கள், அதனால் காத்திருக்காமல் ஸ்டீராய்டு தொடங்கினோம். மறுபடி வெட்டுவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அதற்குள் ஸ்டீராய்டு அடையாளங்களை மறைத்திருந்ததால், அந்தச் சதையில் வகை தெளிவாகத் தெரியவில்லை. அடுத்த மழைக்காலத்தில் நுரையீரலும் கெட்டு, இறந்துபோனீர்கள். கடைசிவரை, பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "பேரு தெரிஞ்சுச்சா டாக்டரம்மா?"

போன வாரம், ஆராய்ச்சிக்கு உதவி கேட்ட என் விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. இந்தப் பகுதியில் இந்நோய் மிக அரிதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகை உறுதியானவர்களை மட்டும் எண்ணியிருக்கிறார்கள். டானிக்கோடு திரும்பிப் போனவர்களை எண்ணவில்லை, ஃபார்மலினில் போனவர்களை எண்ணவில்லை, உங்களை எண்ணவில்லை. நாங்கள் கெடுத்ததையெல்லாம் கழித்துவிட்டு அரிது என்கிறார்கள். நான்காவது முறையும் எழுதத்தான் போகிறேன்.

இன்று வடமதுரைப் பெண் ஒருத்திக்குச் சதை எடுத்தோம். புது சிஸ்டரின் கை தன்னால் ஃபார்மலின் பாட்டிலுக்குப் போனது. நனைத்த துணியோடு நான் பக்கத்திலேயே நின்றேன். இந்த வேலையை இப்போது யாரிடமும் விடுவதில்லை. பெட்டியையும் நானே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன். மூடியைப் படித்த கண்டக்டர், "பூவாம்மா?" என்றார்.

"இல்லண்ணே, ஒரு பொண்ணோட சதை. அவளுக்கு என்ன நோயின்னு தெரியணும்."

அவர் இரண்டு கையாலும் வாங்கித் தன் சீட்டின் மேல் வைத்தார்.

அந்தப் பெண்ணுக்கு அநேகமாகப் பெயர் கிடைத்துவிடும். இந்த நோயாளிகளுக்காக நான் வைத்திருக்கும் பதிவேட்டில் முதல் வரி உங்களுடையது. நோயின் பெயர் என்ற கட்டம் மட்டும் காலி. கணக்கில் சேராத வரிதானே, அடித்துவிடுங்கள் என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். அடிக்க மாட்டேன் அக்கா.