சேயி எலா உந்தி?

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ்,
12.9.2004

அன்புள்ள லோயிஸ்,

நீயும் குழந்தையும் அத்தையும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன்.

பிரசவ நேரம் என்று உன்னிடம் சொல்லவில்லை. ஜூன் மழையில் ஸ்கூட்டர் சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்றார்கள். ஆனால் ஸ்பானரைத் திருகும்போதெல்லாம் மணிக்கட்டு 'டொக்'கென்று நழுவியது. போன மாதம் வேறொரு டாக்டர், கையை இறுக்கி மூடச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார். சும்மா இருக்கும்போது தெரியாத இடைவெளி, இறுக்கியதும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே தெரிந்தது. அவற்றைச் சேர்த்துக் கட்டும் நார் அறுந்திருக்கிறதாம்.

சின்ன ஆபரேஷன்தான், முடிந்துவிட்டது. உள்ளே கம்பி, வெளியே மாவுக்கட்டு. மயக்கம் தெளியும்போது டாக்டர் தெலுங்கில், "சேயி எலா உந்தி?" என்றார். கை எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். என் காதிலோ அத்தை போனில் சொன்ன 'தாயும் சேயும் நலம்'தான் இருந்தது. "நல்லா இருக்கா சார், மூணு கிலோ" என்றேன். நர்ஸ்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இடது கையில் டிரிப் ஏறியதால் கண்ணைத் துடைக்கத்தான் முடியவில்லை.

எட்டு வாரம் கட்டு. ஞானஸ்நானத்தை டிசம்பருக்குத் தள்ளிவைக்கச் சொல். பட்டன் போட வரவில்லை. பட்டன் இல்லாத சட்டை இரண்டு அனுப்பு.

பக்கத்து வீட்டுக்காரர் தபால் பெட்டிப் பக்கம் போகிறாராம், வாசலில் நிற்கிறார். கட்டுப் பிரித்தாலும் கொஞ்ச நாள் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாதாம். அவள் இப்போது எத்தனை கிலோ? அவசரப்பட்டு வளர வேண்டாம் என்று சொல்லிவை.

உன்
ஏனோக்