மூக்கிரட்டையா, சாரணையா?

ஜூன் 4

செடிக்காரருக்கு,

நலமா என்று கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். பிரிந்து வந்து இரண்டு வருடம் கழித்து, காரியமாகத்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு இதயம் பலவீனம், கால் வீக்கம். வீக்கம் வடிய மூக்கிரட்டைக் கீரை வேண்டுமென்று ஒரே பிடிவாதம். "அந்தச் செடிதான்னு உறுதியாத் தெரிஞ்சா கொஞ்சம் குடுங்க" என்றார் டாக்டர். குழாயடிச் சுவரோரம் ஒன்று படர்ந்திருக்கிறது. சாரணையும் இதே ஜாடையாம், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நாள் முழுக்கச் செடிகளை அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதுகிறவர் நீங்கள். இந்தக் கடிதத்தோடு இலை வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

கோபக்காரி

ஜூன் 11

கோபக்காரிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் தூரிகையில் பசை காய்ந்துவிட்டது. இலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பூ வேண்டும். அதுவரை மாமாவுக்குக் கொடுத்துவிடாதே.

செடிக்காரன்

ஜூன் 27

செடிக்காரருக்கு,

இதோ பூ. செடியில் ஒரு துண்டை ஒடித்து உடைந்த வாளியில் நட்டேன். தண்ணீர் ஊற்ற மறந்தாலும் அடாவடியாக வளர்கிறது. "கல்யாணத்துக்கு முன்னாடி நாம இவ்வளவு விசாரிச்சிருக்கணும்மா" என்கிறார் அப்பா. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கிற பழக்கம் போயிற்றா?

கோபக்காரி

ஜூலை 4

கோபக்காரிக்கு,

பூ தபாலில் நசுங்கிவிட்டது. வேரோடு அனுப்பு. பால் தினமும் பொங்கி வழிகிறது, திட்டத்தான் ஆளில்லை.

செடிக்காரன்

ஜூலை 11

செடிக்காரருக்கு,

சுவரோரத்துச் செடியின் வேரைத் தோண்டியதில் நகக்கண்ணெல்லாம் காயம். அப்பா எழுந்து உட்காருவதே இல்லை. "மாப்பிள்ளை எழுதிட்டாரா?" என்று காலையில் முதல் கேள்வி அதுதான். சீக்கிரம் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே ஒருமுறை வாருங்களேன்.

கோபக்காரி

ஜூலை 18

என் கோபக்காரிக்கு,

அது மூக்கிரட்டைதான். முதல் இலையிலேயே தெரிந்துவிட்டது. பெயரைச் சொன்னால் உன் கடிதம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். தப்புதான், மன்னித்துவிடு. மாமாவுக்கு உடனே சமைத்துக் கொடு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

செடிக்காரன்

ஜூலை 22

ஐயா,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அப்பா போய்விட்டார். கீரையால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டரே சொன்னார். அந்தப் பழியை உங்கள்மேல் போட மாட்டேன். ஆனால் ஒரு பிடி கீரை கேட்ட மனுஷரை, "அவர் சொல்லட்டும், பொறுங்கப்பா" என்று ஆறு வாரத்துக்குமேல் தடுத்தது நான். வாளியில் அது மண்டிக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். பெயரை மட்டும் கேட்டு எழுதியது முதல் கடிதம்தான். மற்றதெல்லாம் உங்களுக்காக எழுதினேன். பெயரை அன்றே சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பேன்.

இப்படிக்கு,
அவர் மகள்