இடது சக்கரத்துப் பூட்டு

ஜூன் 9, திங்கள்

இன்று நான் சொல்லாதது: வண்டி இப்படியே கிடக்கட்டும்.

அப்பா காலையிலேயே முடிவு செய்துவிட்டார். பிக்கப்பின் முன் சக்கரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பூட்டை, ஹப்பை, மாற்றியே ஆக வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று பெயர்தான். கியரைப் போட்டால் முன் சக்கரங்கள் தாமாகவே பூட்டிக்கொண்டு இழுக்க வேண்டும். போன மாதத்திலிருந்து பூட்டுவதில்லை. ஓடை தாண்டியதும் வருகிற செம்மண் ஏற்றத்தில் பின் சக்கரங்கள் மட்டும் சுற்றிச் சேறடிக்கின்றன. அதனால் நானும் ஜெனினும் வண்டியை ஓடைக்கரையில் விட்டுவிட்டு ரப்பர் விளைக்கு நடந்தே ஏறுகிறோம். ரப்பர் ஷீட்டைத் தலையில் வைத்து இறக்குகிறோம்.

"நடந்து நடந்து பிள்ளைக்கு காலு போச்சு" என்றார் அப்பா.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் வண்டி ஓட்ட முடியாது. அதனால்தான் ஜெனின் வருகிறான். மஸ்கட்டில் இருக்கும் என் அண்ணனின் சிநேகிதன், கூட்டுக்காரன். கத்தாருக்கு விசா வருகிற வரைக்கும்தான் இந்த வேலை.

என் கால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 11, புதன்

மழை. ரப்பர் மரங்களெல்லாம் வெட்டுவாயில் மழை படாமலிருக்க பிளாஸ்டிக் பாவாடை கட்டி நிற்கின்றன. அட்டை அதிகம். ஜெனின் உப்புக் கிழி கொண்டுவந்திருந்தான். என் குதிகாலில் ஒன்று ஒட்டியிருந்ததை அவன்தான் பார்த்தான். "அசையாத நில்லுட்டி" என்று குனிந்து உப்பை ஒற்றினான். அட்டை விழுந்துவிட்டது. நான் இன்னும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன்.

அம்மா இன்றும் சொன்னாள்: "ஜெனின வாய்நெறைய அண்ணன்னு கூப்பிடு மக்களே. சபையில உள்ள பிள்ளைய எல்லாம் அப்பிடித்தானே கூப்பிடுது?"

நான் அவனை எதுவும் கூப்பிடுவதில்லை. இரண்டு வருடமாக. பக்கத்தில் போய் நின்று, அவன் திரும்பும்வரை காத்திருந்து, பிறகு பேசத் தொடங்குவேன். தூரத்தில் இருந்தால் சும்மா இருந்துவிடுவேன். என்னைவிட மூத்தவன், பெயர் சொல்ல முடியாது. மற்றச் சொல்லைச் சொன்னால் எல்லாம் அதோடு முடிந்துவிடும்.

இந்த நோட்டில் மட்டும் ஜெனின். இதில் மட்டும் 'அவன்'.

ஜூன் 14, சனி

குலசேகரம். ததேயுஸ் அண்ணனின் வொர்க்‌ஷாப். (இவரை அண்ணன் என்று கூப்பிட எனக்கு ஒரு தடையும் இல்லை.)

பழைய ஹப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "தானா பூட்டும், தானா தொறக்கும்னு சொன்னாவ. இப்ப தானாட்டே செத்தும் போச்சு."

உள்ளே வளையம் ஒன்று மூன்று துண்டாகக் கிடந்தது. புதிதாகப் போடுவது கையால் திருப்புகிற ஹப். சக்கரத்தின் நடுவில் ஒரு திருகு. இந்தப் பக்கம் திருப்பினால் விடும், அந்தப் பக்கம் திருப்பினால் பூட்டும். ஏற்றத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கித் திருப்ப வேண்டும்.

"ரெண்டு பக்கமும் திருப்பணும். ஒரு பக்கம் பூட்டலேன்னா மத்த பக்கமும் இழுக்காது, கேட்டியளா."

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் அப்பாவுக்குக் கோபம். "மழையில ஒருத்தன் எறங்கி வண்டியச் சுத்தி வரணுமாக்கும்?"

"நாங்க ரெண்டு பேரு உண்டும்லா" என்றான் ஜெனின். "நான் வலப்பக்கம், அவ இடப்பக்கம்."

நான் வலப்பக்கம், அவ இடப்பக்கம். எழுதிப் பார்க்கிறேன்.

இடது பக்கத்தை நான்தான் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தேன். "கிரீஸ் மேலாப்பில பூசினா போதும்" என்று சொல்லிவிட்டு ததேயுஸ் அண்ணன் சாயா குடிக்கப் போனார். நான் கை நிறைய எடுத்து வைத்தேன். துரு ஏறக் கூடாது, ரொம்ப நாள் இருக்க வேண்டும் என்று இன்னும் கொஞ்சம். அவர் வருவதற்குள் ஜெனின் போல்ட்டுகளை முறுக்கி முடித்துவிட்டான்.

ஜூன் 23, திங்கள்

சேர்ந்து நடப்பது போய்விட்டதே என்றிருந்தேன். ஆனால் ஓடைக்கரையில் வண்டி நின்றதும் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. அவன் அந்தப் பக்கம் குனிகிறான், நான் இந்தப் பக்கம். நடுவில் முழு வண்டியும் இருக்கிறது. முகம் தெரியாது. குரல் மட்டும்.

"ஆச்சா?"

"ஆச்சு."

மண் காய்ந்திருந்தது. வண்டி அலுங்காமல் ஏறியது. நாள் முழுக்க எனக்கு இது போதுமாக இருக்கிறது. போதுமா?

ஜூலை 3, வியாழன்

விசா வந்துவிட்டது.

ஜூலை 5, சனி

நாவல்களில் கடிதம் எழுதுகிறார்கள். ரயில் புறப்படும்போது ஓடி வருகிறார்கள். எத்தனை படித்திருக்கிறேன். ஒன்றில்கூட இரண்டு பேர் ரப்பர் ஷீட்டை எண்ணிக்கொண்டே இதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜூலை 8, செவ்வாய்



மூன்று நாள் மழைக்குப் பிறகு இன்று தூறலில் போனோம். ஓடைக்கரையில் இறங்கித் திருப்பினேன். "ஆச்சா?" "ஆச்சு." பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. முன் சக்கரங்கள் இழுக்கவே இல்லை. பின் சக்கரத்துக்குக் கல் வைக்க நான் இறங்கினேன். அதற்குள் வண்டி பின்னோக்கி வழுக்கி ஓடைப் பக்கமாகச் சரிந்தது. அவன் உள்ளே இருந்தான்.

"ஜெனின்! ஜெனின்! நிறுத்து!"

விளையின் வேலிச் சுவரான கல் கய்யாலையில் இடித்து வண்டி நின்றது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கர்த்தரே, ஒன்றும் ஆகவில்லை.

இறங்கி வந்து இடது ஹப்பைத் திறந்தான். உள்ளே முழுக்க கிரீஸ், சேறு மாதிரி அடைத்துக்கொண்டு. நான் திருப்பியிருந்தேன், திருகு மட்டும் திரும்பியிருக்கிறது. உள்ளே எதுவும் நகரவில்லை; மண் காய்ந்திருந்த நாட்களில் அது தெரியவில்லை.

"இவ்வளவு வச்சா எப்பிடிட்டி பூட்டும்?" என்று ஒரு தேக்கிலையில் வழித்து வழித்துப் போட்டான். கோபமே இல்லை. பிறகு, தலை நிமிராமலே: "ரெண்டு வருசமா நீ என்ன ஒண்ணும் கூப்பிட்டது கெடையாது. நான் கவனிச்சிட்டுத்தான் இருந்தேன்."

"வண்டி சரிஞ்சுல்லா..." என்றேன்.

"வண்டி சரிஞ்சாத்தான் கூப்பிடுவியோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் கேட்டுவிட்டு, போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் மழையைப் பார்த்தேன். அவன் மூடியைப் போட்டு முறுக்கினான். வண்டி ஏறிவிட்டது.

அவன் கேட்டது வேறு என்னவாக இருக்க முடியும்? ஏன் வாயே திறக்கல நான்? சொல்லிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நாளைக்குச் சொல்லிருவேன். கண்டிப்பா சொல்லிருவேன்.

ஜூலை 9, புதன்

மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. அவன் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

மழை.

ஜூலை 12, சனி

ஜெனின் வீட்டில் வழியனுப்பு ஜெபம். உபதேசியார் நீளமாக ஜெபித்தார். கேக்கும் மிக்சரும் சாயாவும். முற்றத்தில் கார் நின்றது. ஒவ்வொருவராகப் போய் விடை சொன்னார்கள். அவன் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே வந்து, என் முறை வந்ததும் பையைக் கீழே வைத்தான்.

ஏற்றத்தில் நின்றது போலவே நின்றான்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன்தான். அம்மா பின்னாலிருந்து முழங்கையில் இடித்தாள்.

"சும்ம நிக்காத பிள்ளே. அண்ணன்ட்ட சொல்லு."

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

"போயிட்டு வாங்க, அண்ணன்."

அவன் என்னைப் பார்த்தான். பையை எடுத்துக்கொண்டான்.

"செரி. எடது பக்கம் கிரீஸ் கொறச்சு வை."

வரும் வழியில் அம்மாவுக்கு நல்ல திருப்தி. "இப்பமாவது கூப்பிட்டியே" என்றாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எனக்கு லைசென்ஸ் வந்தது.

நவம்பர் 20, வியாழன்

புட்டு அவிக்கும்போது அம்மா சொன்னாள். ஜெனினுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கருங்கல் ஊர்ப் பெண், நர்ஸ். ஜனவரியில் அவன் லீவில் வரும்போது. நாங்கள் எல்லோரும் போக வேண்டும்.

மழை பெய்துகொண்டிருந்தது. விளைக்கு நான்தான் வண்டியை ஓட்டிப் போனேன். ஓடைக்கரையில் நிறுத்தி, இறங்கி, வலது பக்கத்தைப் பூட்டினேன். வண்டியைச் சுற்றிப் போய் இடது பக்கத்தையும் பூட்டினேன்.

"ஆச்சு" என்றேன்.

வண்டி ஏறியது.