பன்னிரண்டு பாத்திகள்

வேப்பெண்ணெய் டப்பாவைத் திறந்ததும் அறை முழுக்க உன் வாடை வந்துவிட்டது. உன்னைப்போலவே கால்வெடிப்பில் தடவிக்கொண்டிருந்தேன். என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "உங்க கூட்டாளி வந்துட்டாரோன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்தாள். நீ இந்த வீட்டுக்குள் வந்தால் அவள் முதலில் செய்கிற வேலை அதுதான். மூன்று மாதமாக அந்த ஜன்னலுக்கு வேலையில்லாமல் இருந்தது.

ஐப்பசி மழையில், நீ குத்தகைக்கு எடுத்த உப்பளத்தில் யாருக்கும் வேலை இல்லாத ஒரு நாளில் நீ போனாய். வேலை நாளாக இருந்திருந்தால் மாரடைப்பிடம் "அப்புறம் வா" என்று சொல்லியிருப்பாய் என்று உன் சாவு வீட்டில் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அன்று உன்மேல் கோபம். அந்தக் கோபத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்பு நான் மரக்காணத்துக்குத் திரும்பிய கதை உனக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் வேதியியல் நடத்திய கல்லூரியில், என்னிடமே படித்த ஒருவனை, நிர்வாகியின் உறவினன் என்பதற்காகத் துறைத் தலைவராக்கினார்கள். கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். தடுப்பார்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் ஏற்றுக்கொண்டு கடிதம் கொடுத்துவிட்டார்கள். என்னோடு உட்கார்ந்து மதியச் சோறு தின்ற ஒருவர்கூட வாசல்வரை வரவில்லை. அந்த முகங்களை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். வழக்குப் போட்டேன். அப்பாவின் பழைய வீட்டில் எட்டு மாதம் மனு எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். குளிக்காத நாட்கள் உண்டு.

ஒரு காலையில் நீ வந்து நின்றாய். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சேறு காய்ந்த காலோடு என் தாள்களைத் தாண்டி உள்ளே வந்தாய்.

"டேய் வாத்தி, எத்தினி நாளைக்குடா இந்தப் பேப்பரையே மேய்ஞ்சிக்கினு இருப்ப? மிதிக்கு ஒரு ஆளு கொறையுது. வர்றியா, இல்ல பக்கத்து ஊரு பிரம்மதேசத்துலேர்ந்து ஆள் புடிக்கட்டுமா?"

ஆறுதல் சொல்லியிருந்தால் உன்னைத் துரத்தியிருப்பேன். நீ ஆள் கேட்டாய். எரிச்சலில்தான் வந்தேன்.

மழைக்காலம் முடிந்து தண்ணீரை வெளியேற்றினால் பாத்தியின் தரை கூழாக இருக்கும். ஓரளவு காய்ந்ததும் ஆறு பேர் தோளோடு தோளாக நின்று, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி இல்லாமல், வெறுங்காலால் மிதித்துக்கொண்டே போக வேண்டும். மறுநாள் மறுபடி. சிமெண்டுபோல இறுகும்வரை. இறுகாத இடத்தில் உப்பு விளைந்தாலும் வாரும்போது சேறும் சேர்ந்து வரும். எனக்கு இது புரிய ஒரு பருவம் ஆனது. மூன்றாம் நாள் வக்கீலிடமிருந்து போன் வந்தது. வரிசையின் நடுவில் நின்று பேசினேன். மற்றவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். பேசி முடித்ததும் ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்டேன். என் பங்குத் தரை மிதிபடாமல் கிடந்தது.

பங்குனியில் முதல் உப்பு வாரியபோது, வெள்ளைப் பாத்தியின் நடுவில் எருமை படுத்த மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. மிதிக்கும்போது வரிசையின் கடைசியில் நின்று எல்லோருக்கும் வேகம் சொல்கிற செல்வி, உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"சார் போன் பேசின எடம்ங்க இது."

நீ சிரிக்கவில்லை. அந்தப் பாத்தியின் தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டாய். நன்றாகக் காயவிட்டு, என்னைத் தனியாக மிதிக்க வைத்தாய். நான்கு நாள். வரப்பில் குந்திக்கொண்டு, "நீ கேசு ஜெயிப்படா, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இங்க நின்னுக்கினு ஜெயிக்காத" என்றாய். அந்த நான்கு நாளும் உன்னை மனதுக்குள் திட்டினேன். திட்டத் திட்டக் கால் அழுத்தமாக விழுந்தது. நான்காம் நாள் சாயங்காலம்தான் கவனித்தேன்: அன்று காலையிலிருந்து கல்லூரி ஞாபகமே வரவில்லை.

அதற்கு முன்பு உனக்கு நான் செய்த ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். உன் மனைவி இறந்த நான்காம் நாள் நீ உப்பளத்துக்குப் போனாய். அப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நான் உன்னைக் கல்நெஞ்சன் என்று நாலு பேரிடம் சொன்னேன். அது உன் காதுக்கும் போயிருக்கிறது. பல வருடம் கழித்து, என் நான்கு நாள் மிதி முடிந்த அன்று, கால் கழுவும்போது அதைப் பற்றிக் கேட்டேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேல ஒன்னத்தையும் சரி பண்ணாதுடா. சாயங்காலம் வரைக்கும் கொண்டாந்து வுடும். அவ்ளோதான். எனக்கு அன்னிக்கி அதுவே பெருசா இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் நான். மறுநாள் உனக்கு முன்பாக ஐந்தரைக்கே வந்து, நீ போடுகிற தண்ணீர் மோட்டாரை நான் போட்டேன். உனக்குப் புரிந்திருக்கும்.

இப்போது என் கோபம். உன் நெஞ்சில் அடைப்பு இருப்பதை ஒரு வருடத்துக்கு முன்பே டாக்டர் சொல்லியிருக்கிறார். செல்விக்குத் தெரியும். உன் தம்பிக்குத் தெரியும். தினமும் உன் பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியாது. சாவு வீட்டில்தான் கேள்விப்பட்டேன். அவமானமாக இருந்தது. மறுபடி ஒரு கூட்டம் என்னை வெளியே நிறுத்திவிட்டதாக நினைத்தேன். வழக்குத் தாள்களின் கட்டைப் பரணிலிருந்து மீண்டும் இறக்கினேன். கார்த்திகை, மார்கழி இரண்டும் அதிலேயே போயின.

பதினாறாம் நாள் காரியத்தன்றே உன் தம்பி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். குத்தகை இப்போது அவன் பெயரில். "தை முடியறதுக்குள்ள பன்னெண்டு பாத்தியும் மிதிச்சு ரெடியா இருந்தா நீங்களே பாத்துக்குங்க. இல்லன்னா பக்கத்து அளத்துக்காரருக்கு வுட்டுடுவேன்." பிறகு என்னைப் பார்த்து, "சாரு படிச்சவரு. அவருக்கு ஆயிரம் வேல இருக்குது" என்றான். அதையும் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். பக்கத்து அளத்துக்காரர் தன் ஆட்களோடுதான் வருவார். செல்விக்கும் மற்ற மூன்று பேருக்கும் இந்தப் பருவம் போய்விடும். எனக்கு எது போய்விடும் என்று சொல்லத் தேவையில்லை.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் செல்வி வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"தண்ணி எறச்சு வுட்டாச்சுங்க. தரை காயுது. நீங்க வந்தாத்தான் அஞ்சு பேரு."

"அவனுக்கு நெஞ்சுவலின்னு என்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அவள் வந்த விஷயம் அதுவல்ல என்று தெரிந்தேதான் கேட்டேன்.

"சார் கிட்ட சொன்னா, அளத்த வுட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்ல போய்க் குந்திக்குவாரு, அப்புறம் அவர எழுப்ப முடியாதுன்னு சொன்னாருங்க. அதான். கோவப்படாதீங்க."

கோபம் போகவில்லை. உனக்காக ஆஸ்பத்திரி வாசலில் உட்காரும் உரிமை எனக்கு இருந்தது. அதை நீ பறித்தது தவறு. இதை எழுத்தில் வைக்கிறேன். ஆனால் மறுநாள் ஐந்தரைக்கு அளத்தில் நின்றேன்.

ஆறு பேர் மிதிக்க வேண்டியதை ஐந்து பேர் மிதித்தோம். ஒரு பாத்திக்கு வழக்கத்தைவிட ஒரு சுற்று கூட வேண்டியிருந்தது. முதல் வாரம் என் முழங்கால் வீங்கியது. "சார், நாளைக்கி லீவு போட்டுக்குங்க" என்றாள் செல்வி. "எனக்கு யாரு லீவு குடுக்கறது?" என்றேன். வரிசை சிரித்தது. நானும் சிரித்திருக்கிறேன்போல. பக்கத்து அளத்துக்காரர் இரண்டு முறை வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். அவர் பார்த்த நாட்களில் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். என் சுபாவம் மாறவில்லை. அதற்கும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்று தையின் கடைசி வாரம். மதியம் பன்னிரண்டாவது பாத்தியும் முடிந்தது. நாலு மணிக்கு உன் தம்பி வந்தான். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு, ஒவ்வொரு பாத்தியாக இறங்கிக் குதிகாலால் குத்திப் பார்த்தான். பன்னிரண்டையும் பார்க்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான். நாங்கள் ஐந்து பேரும் வரப்பில் நின்று அவன் குதிகாலையே பார்த்தோம்.

"எப்ப சார் தண்ணி கட்டப் போறீங்க?" என்றான்.

"நாளைக்கு."

தலையை ஆட்டினான். பாராட்டவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. செல்வி திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

வழக்கு நடக்கிறது. அடுத்த வாய்தாவுக்குப் போவேன், விடமாட்டேன். நான் யாரையும் மன்னிக்கவில்லை, உன்னையும் சேர்த்து. ஆனால் படுக்கப் போகுமுன் மறுநாளின் முதல் வேலையை வாய்விட்டு ஒரு முறை சொல்லிக்கொள்வாயே, அது என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. நான் அதைச் சொல்லும்போது என் மனைவி இப்போதெல்லாம் 'உம்' கொட்டுகிறாள்.

நாளைக்கு முதல் வேலை: வடக்கு வரப்பில் மூன்று நண்டு வளை இருக்கிறது. தண்ணீர் கட்டுமுன் அடைக்க வேண்டும்.