காடு காட்டிய கன்று

அக்கா,

இன்று காலை குறுக்கெழுத்துப் போடலாம் என்று ஒரு பென்சிலைச் சீவினேன். ஓய்வு பெற்ற மாட்டு டாக்டருக்கு வேறென்ன வேலை. சீவலை வழித்துக் குப்பையில் போடப் போனவன், கையை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டேன். தேவதாரு மரத்தின் வாசனை. மைக்ராஸ்கோப்பில் மிகச் சிறியதைப் பார்க்க வேண்டுமானால், ரத்தம் தடவிய கண்ணாடிச் சில்லுக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விடுவோம். அதுவும் தேவதாரு எண்ணெய்தான். அதன்மேல் குனிந்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நீங்கள் நின்றது கண்முன் வந்தது. நீங்கள் போய்விட்டீர்கள் என்று போன வாரம்தான் உங்கள் மகன் செம்மநத்தத்திலிருந்து கார்டு போட்டிருந்தார். கார்டைப் படித்த அன்றைக்கு வராத அழுகை பென்சில் சீவலுக்கு வந்தது.

நான் முதல் தடவை உங்கள் மலைக்கு ஏறி வந்தது, காப்பித் தோட்டமெல்லாம் வெள்ளைக்காரத் துரைகள் கையில் இருந்த காலம். உங்கள் ஊருக்குக் கீழே இருந்த எஸ்டேட்டின் துரை, பாலுக்கும் வெண்ணெய்க்குமாகச் சீமையிலிருந்து பசுக்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தார். எருமை மாதிரி உடம்பும் பூனை மாதிரி சுபாவமும் கொண்ட பசுக்கள். ஒன்றன்பின் ஒன்றாக அவை காய்ச்சலில் விழுந்தன. மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. ஐந்தாறு நாளில் கதை முடிந்தது. கடைசிப் பசு ஒரு கிடேரிக் கன்றைப் போட்டுவிட்டுச் செத்தது. ரத்தத்தில் குடியேறும் ஒரு கிருமியால் வரும் நோய் அது என்பதும், அந்தக் கிருமியை மாட்டுக்கு மாடு கொண்டுபோவது உண்ணி என்பதும் என்னை அனுப்பிய ஆராய்ச்சிக்கூடத்துக்கு முன்பே தெரியும். கிருமி எங்கிருந்து வந்தது என்று துரை தானே முடிவு செய்துவிட்டார். வேலியை ஒட்டி மேய்கிற ஊர் மாடுகள்தான் காரணம். அவற்றின் ரத்தத்தில் கிருமி இருப்பதாக நான் ஒரு ரிப்போர்ட் எழுதிவிட்டால் போதும், அத்தனையையும் மலையை விட்டுக் கீழே ஓட்டுவதற்கு அவர் உத்தரவு வாங்கிவிடுவார். முப்பது வயதுகூட ஆகாத என் கையெழுத்துக்கு அவ்வளவு பலமா என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அது உண்மை.

உங்கள் பட்டி வாசலிலேயே என்னை நிறுத்தினீர்கள்.

"ஏனுங்க, பூட்ஸைக் கழட்டிப்போட்டு வாங்க. மாடு குடியிருக்கற எடமுங்க."

பட்டணத்தில் படித்துவிட்டு வந்தவன் வெறுங்காலோடு சாணியில் இறங்கினேன். ஒரு ஜோடி எருது, மூன்று பசு. புருஷன் போன பிறகு ராகிக் காட்டை உழுவதும், கைக்குழந்தையைக் காப்பாற்றுவதும் அந்த எருதுகளை நம்பித்தான் என்று நீங்களாகச் சொல்லவில்லை, எஸ்டேட் ரைட்டர் சொல்லித் தெரியும். நான் ஊசியை எடுத்ததும் கேட்டீர்கள்.

"பூச்சி இருந்துச்சுன்னா எம்மாட்டை என்னங்க பண்ணுவாங்க?"

"கீழே ஓட்டிருவாங்கம்மா."

 செந்நிறச் சிவலைப் பசுவின் கொம்பை நீங்களே பிடித்துக்கொண்டு, "இருந்தா இருக்குதுன்னே எழுதுங்க" என்றீர்கள். காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தேன். சிவலை தலையைக்கூட ஆட்டவில்லை. தின்று கொழுத்து, பளபளவென்று, நோய் என்றால் என்னவென்று கேட்கிற மாதிரி நின்றது.

எஸ்டேட்டில் காப்பி மூட்டை அடுக்குகிற அறையில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் மைக்ராஸ்கோப்பை வைத்திருந்தேன். ரத்தத்துக்குச் சாயமேற்றி, எண்ணெய் விட்டு, கண்ணை வைத்தேன். அக்கா, அதைப் பல்லாயிரம் தடவை பார்த்தவன் நான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மூச்சு ஒரு கணம் நின்றுதான் போகும். ஒரு சொட்டுக்குள் வட்டம் வட்டமாக எத்தனை ரத்த அணுக்கள். வெளிறிய சிவப்பில், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், கோடிக் கணக்கில். வெகுநேரம் சில்லை நகர்த்திக்கொண்டே போனேன். ஒன்றும் இல்லை. பிறகு ஒரே ஒரு வட்டத்துக்குள், ஊதா நிறத்தில், நுனி சேர்ந்த இரண்டு துளிகள். இன்னும் தேடினேன். இன்னொரு வட்டம், அதிலும் இரண்டு. சீமைப் பசுக்களைக் கொன்ற அதே கிருமி உங்கள் சிவலையின் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் நீங்களே இறங்கி வந்தீர்கள். யாரும் கூப்பிடவில்லை. "இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள். இருக்கிறது என்றேன். அழுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ அதைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். குழலில் கண்ணை வைத்துவிட்டு வெகுநேரம் எழவே இல்லை.

"பேரிக்காயாட்டமல்லங்க இருக்குது. ஒரு காம்புல ரெண்டு."

எங்கள் புத்தகத்திலும் அதே உவமைதான் எழுதியிருக்கும். எனக்கு அதைச் சொல்ல ஒரு புத்தகம் வேண்டியிருந்தது.

"இத்துனூண்டு ரத்தத்துக்குள்ள ஊடு கட்டிக்கிட்டுக் குடியிருக்குதுங்களே," என்றீர்கள். பயம் குரலில் இல்லை. கோயிலில் பேசுகிற மாதிரி மெல்லப் பேசினீர்கள். பிறகு நிமிர்ந்து, கண்ணைத் தேய்த்துக்கொண்டு, என் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய கேள்வியைச் சர்வசாதாரணமாகக் கேட்டீர்கள்.

"அப்பறம் ஏனுங்க எம்மாடு சாகுல?"

 துரையின் பசுக்கள் ஏன் செத்தன என்று கேட்கத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள், நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் பசு ஏன் உயிரோடு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. கன்றை எப்படி வளர்ப்பீர்கள் என்று தடுமாறிக் கேட்டேன்.

"ஒம்பதாம் நாளு காடு காட்டிருவமுங்க. தாயோட ஓட்டிக்கிட்டுப் போயி, புல்லுல படுக்கப் போட்டுட்டு வந்துருவோம். மூணு மாசத்துக்கு உண்ணியப் புடுங்க மாட்டமுங்க. காடும் கன்னும் ஒன்னையொன்னு தெரிஞ்சுக்கோணுமல்லங்க."

துரையின் கன்று அப்போது எப்படி வளர்ந்துகொண்டிருந்தது தெரியுமா? சிமெண்டுத் தரையில். தினம் இருவேளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஓர் உண்ணி அண்டாமல். நான் போட்ட உத்தரவு அது. நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது: குட்டியில் இந்தக் கிருமியைச் சந்திக்கிற கன்று பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், வளர்ந்த பிறகு முதன்முதலாகச் சந்திக்கிற மாடு தாங்காது. சுத்தம் சுத்தம் என்று நான் அந்தக் கன்றைச் சாவதற்குத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

துரையிடம் போய் அதை உங்கள் பட்டியில் விடச் சொன்னபோது அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. கன்று செத்தால் ஊர் மாடு ஒன்றுகூட மலையில் இருக்காது.  உங்களிடம் வந்து சொன்னேன். "கொண்டாங்க, பாக்கலாமுங்க," என்றீர்கள். தாயில்லாத அந்தக் கன்றைத் தன் கன்றோடு சேர்த்துச் சிவலை மடியில் விட்டுக்கொண்டது. நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் காடு காட்டினீர்கள்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. தினம் மேலேறி வந்து காது ரத்தம் எடுத்தேன். சில்லை நகர்த்திப் பார்த்த இடத்திலெல்லாம் ஒரு ஜோடிப் பேரிக்காய், மறுநாள் மூன்று, அடுத்த நாள் எண்ண மனமில்லை. கன்றின் ஈறு வெளுத்துவிட்டது. பால் குடிக்கவில்லை. என் பையில் நீல மருந்து இருந்தது. ரத்தக் குழாயில் ஏற்றினால் கிருமி அடங்கும், கூடவே கண்ணும் ஈறும் நீலம் பாய்ந்துவிடும். "கிருஷ்ணராட்டம் ஆயிருமுங்களா?" என்று கேட்டு, அந்த நிலைமையிலும் என்னைச் சிரிக்கவைத்தீர்கள். ஊசியை எடுத்ததும் என் கையைப் பிடித்தீர்கள்.

"இப்பவே அடக்கிப்புட்டீங்கன்னா, அதும் ஒடம்பு எப்படிங்க பழகும்? இன்னிக்கு ஒரு நாளு உடுங்க."

"செத்துப்போச்சுன்னா உங்க மாடெல்லாம் போயிரும், தெரியுமில்ல?"

"தெரியுமுங்க," என்றீர்கள். "எனக்கும் நொம்பப் பயமாத்தான் இருக்குது."

அந்த ஒரு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். மறுநாள் வந்தபோது பனியில் பட்டியே தெரியவில்லை. சப்தம் மட்டும் கேட்டது. கன்று சிவலையின் மடியை முட்டி முட்டிக் குடிக்கிற சப்தம். ஓடாத குறையாக இறங்கிப்போய் ரத்தத்தைப் பார்த்தேன். பேரிக்காய்கள் குறைந்திருந்தன. ஒரு வாரத்தில் தேடித் தேடித்தான் ஒன்று கிடைத்தது. கிருமி போகவும் இல்லை, கன்றைக் கொல்லவும் இல்லை. ஒரே உடம்புக்குள் இரண்டும் ஒரு சமாதானத்துக்கு வந்துவிட்டன. சின்னஞ்சிறு கன்று, கண்ணுக்கே தெரியாத ஒன்றோடு செய்துகொண்ட அந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. ஊர் மாடுகள் மலையிலேயே இருந்தன. நான் கீழே இறங்குகிற அன்று நீங்கள் வந்து கும்பிட்டு, "உங்க புண்ணியத்துல எம்மாடு நிக்குதுங்க," என்றீர்கள். அன்றுதான் முதல் தடவை உங்களை அக்கா என்று கூப்பிட்டேன்.

உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. நீங்கள் வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்த நேரத்தில், ரிப்போர்ட் என் கோட்டுப் பைக்குள் இருந்தது. காலையிலேயே எழுதி, உறையில் போட்டு, அரக்கு முத்திரையும் வைத்துவிட்டேன். ஊர் மாடுகளை அப்புறப்படுத்தலாம் என்று எழுதியிருந்தேன். ஒண்டிக்கடை போஸ்டாபீசுக்குத் தபால் கொண்டுபோகிற ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் அவரைத் தாண்டித்தான் உள்ளே வந்தீர்கள். நான் அவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பியது உங்கள் மேல் இரக்கப்பட்டல்ல. என் கருவியை ஒருவருக்குக் காட்டிப் பெருமைப்படுகிற நேரத்தில் குறுக்கே நிற்கிறாரே என்றுதான். அரை மணி நேரம் கழித்து வந்திருந்தீர்களானால் உங்கள் மாடுகளை என் கையெழுத்து கீழே ஓட்டியிருக்கும். இது தெரியாமல் என்னைக் கும்பிட்டீர்கள். நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு, வேலையில் இருந்த வருஷமெல்லாம், எந்த ரிப்போர்ட்டையும் எழுதிய அன்றே நான் அனுப்பியதில்லை. ஒரு நாள் மேசையில் கிடக்கும். ஏனுங்க சாகுல என்று ஒரு தடவை எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். எத்தனையோ ஊர் மாடுகள் அந்த ஒரு நாளில் தப்பியிருக்கின்றன, அவற்றின் சொந்தக்காரர்களுக்கு உங்களைத் தெரியாது. உங்களுக்கும் தெரியாமலே போய்விட்டது.

நேரில் வந்து சொல்லிவிட வேண்டும் என்று வருஷா வருஷம் நினைத்தேன். இங்கே சேலத்திலிருந்து பஸ் ஏறினால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பயம்தான், அக்கா. கேட்டுவிட்டு நீங்கள் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீங்கள் கோபிக்க மாட்டீர்கள். சிரித்துவிட்டு, உட்காரச் சொல்லி, ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுப்பீர்கள். அதை வாங்கிக் குடிக்கிற தைரியம் எனக்குக் கடைசி வரைக்கும் வரவில்லை.